துணி எடுக்கப் போன அப்பாவும் வழிந்த டேங்கும்: ஆறு ஆப்பை ஒரே ஹப்பில் கட்டிய கதை

போன வருடம் ஐப்பசியில் மூன்று வாரத்துக்குள் எங்கள் மொட்டை மாடி டேங்க் நாலு தடவை வழிந்தது. நாலும் விடியற்காலையில். நாலு தடவையும் முதலில் பார்த்தது அம்மா, நாலு தடவையும் "உன்னோட ஹப்பு என்னதான்டா பண்ணுது?" என்ற கேள்வி எனக்கு. நியாயமான கேள்விதான். காலம் காலமாக அப்பா பார்த்துவந்த மோட்டார் வேலையைப் பிடுங்கி, வீட்டு ஸ்மார்ட் சாமான்களை எல்லாம் ஒரே இடத்திலிருந்து ஓட்டும் ஹப் என்ற சின்னப் பெட்டியிடம் கொடுத்தவன் நான். அந்தப் பெட்டியில் எதையெல்லாம் எப்படிக் கட்டினேன், டேங்க் ஏன் வழிந்தது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன், நான் தப்பாகப் போன இடங்களையும் சேர்த்து, ஏனென்றால் பல்பும் சென்சாரும் வாங்கி வைத்திருக்கும் யாருக்கும் இதே தப்பு நடக்கலாம்.

வீட்டில் இருந்த சாமான்கள்

வீடு சென்னை மடிப்பாக்கம். கீழே அப்பா அம்மா, மேலே நானும் மனைவியும், அதற்கு மேல் மொட்டை மாடி, சின்ன ஹெட்ரூம், 1,000 லிட்டர் டேங்க். சாமான் எதையும் யோசித்து வாங்கவில்லை. தீபாவளித் தள்ளுபடியில் இரண்டு வைஃபை பிளக், கல்யாணத்துக்கு நண்பர்கள் கொடுத்த கலர் பல்பு செட், கரண்ட் பில்லைக் குறைக்கிறேன் பேர்வழி என்று மாட்டிய இரண்டு பிஎல்டிசி ஃபேன், ஏசி ரிமோட் செய்வதைத் தானே செய்யும் ஒரு இன்ஃப்ராரெட் டப்பா, அப்புறம் கதவு சென்சார், ஆள் நடமாட்ட சென்சார் என்று சில்லறையாகச் சேர்ந்தவை. ஆறு பிராண்டு, ஆறு ஆப், ஆறு பாஸ்வேர்டு. எனக்கு இருந்த ஆசை ரொம்பச் சின்னது: ராத்திரி ஏசி ஓடும்போது ஃபேன் தானாக இரண்டாம் வேகத்துக்கு இறங்க வேண்டும். ஏசி டப்பா ஒரு கம்பெனி, ஃபேன் வேறு கம்பெனி. ஒன்றுக்கு இன்னொன்று அந்த அறையில் இருப்பதே தெரியாது.

ஹப் வாங்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது "என்னோட பிராண்டுக்கு இது சப்போர்ட் பண்ணுமா?" நானும் அதைத்தான் கேட்டேன். அந்தக் கேள்விக்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். சாமான் எந்த ரேடியோவில் பேசுகிறது? அதற்கான முடிவு எங்கே எடுக்கப்படுகிறது, வீட்டுக்குள்ளேயா, எங்கோ இருக்கும் சர்வரிலா? இந்த இரண்டையும் வைத்துப் பிரித்ததும் ஆறு பிராண்டு இரண்டு கும்பலாகச் சுருங்கிவிட்டது. பல்பு, சென்சார் எல்லாம் ஜிக்பீ. பிளக், ஃபேன், ஏசி டப்பா எல்லாம் வைஃபை. அதிலும் வேடிக்கை, வேறு வேறு பேரில் விற்ற அந்த இரண்டு பிளக்குக்கும் உள்ளே டுயா என்ற ஒரே கம்பெனியின் சமாச்சாரம்தான். மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் மட்டும் வேறு.

ஜிக்பீ சாமான்கள் வைஃபை ரௌட்டரோடு பேசாது. அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் தனக்கென்று ஒரு வலை பின்னிக்கொள்ளும். அந்த வலையில் கரண்டில் ஓடும் சாமான்கள், அதாவது பல்பு, பிளக் மாதிரியானவை, பெரும்பாலும் தபால்காரர் வேலையும் பார்க்கும். பேட்டரியில் ஓடும் சென்சார் பக்கத்தில் இருக்கும் ஒரு தபால்காரரைப் பிடித்துக்கொண்டு அவர் வழியாகவே ஹப்புக்குச் செய்தி அனுப்பும், மற்ற நேரம் தூங்கும். இதை அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் மாட்டிக்கொண்டேன்.

ஹப்புக்கு ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை எடுத்துக்கொண்டேன். 2013-இல் பாலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய திறமூலத் திட்டம், 2024 முதல் ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ் இருக்கிறது. கடையில் ரெடியாகக் கிடைக்கும் ஹப்பை ஏன் வாங்கவில்லை என்றால், 2016-இல் ரெவால்வ் என்ற ஹப்பை அதை வாங்கிய நெஸ்ட் நிறுவனம் மூடியதும் காசு கொடுத்து வாங்கியவர்கள் வீட்டில் அது வெறும் டப்பாவாக நின்றது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோயின. அதன் பயனர்கள் சிலரே சேர்ந்து நிறுவனத்தை வாங்கி மறுபடி ஓடவைத்தார்கள் என்பது தனிக்கதை. நம் வீட்டு லைட் எரிய வேறு யாரோ வாடகை கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினி, ஒரு எஸ்எஸ்டி, ஜிக்பீயில் பேச யூஎஸ்பியில் சொருகும் ஒரு டாங்கிள், எல்லாம் ஒரு அட்டைப் பெட்டிக்குள் கீழ்வீட்டு ஹாலில் டிவி ஸ்டாண்டில். எஸ்டி கார்டிலேயே ஓட்டலாம், ஆனால் ராத்திரி பகலாக எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கு எஸ்டி கார்டை நம்பாதீர்கள்.

"மேட்டர் வந்துவிட்டதே, இனி எல்லாம் தானாக ஒன்றோடொன்று பேசுமே?" என்று ஒரு நண்பர் கேட்டார். மேட்டர், அதாவது எல்லாக் கம்பெனிச் சாமானும் பேசுவதற்கான பொது மொழி, நல்ல விஷயம்தான். 2019 டிசம்பரில் அமேசான், ஆப்பிள், கூகுள், ஜிக்பீ அலையன்ஸ் எல்லாம் சேர்ந்து அறிவித்து 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வந்தது, புதிதாக வாங்குகிறவர்கள் அந்த முத்திரை பார்த்தே வாங்கலாம். என் வீட்டில் இருந்தவை எல்லாம் அதற்கு முந்தைய சரக்கு. தூக்கிப்போட மனசில்லை.

கட்டும் வேலை ஒரு வார இறுதியில் முடிந்தது. பல்பும் சென்சாரும், ஜிக்பீ சாமான்களை ஹப்போடு இணைக்கும் ஜிக்பீ2எம்கியூடிடி என்ற மென்பொருள் வழியாகச் சிரமமே இல்லாமல் வந்து சேர்ந்தன. டுயா பிளக்குகளுக்குத்தான் மெனக்கெட வேண்டியிருந்தது: ஒவ்வொரு பிளக்குக்கும் பாஸ்வேர்டு மாதிரி ஒரு லோக்கல் கீ உண்டு, அதை டுயாவின் டெவலப்பர் தளத்தில் கணக்குத் திறந்து ஒருமுறை எடுத்துவிட்டால் அப்புறம் இன்டர்நெட் இல்லாமலே பேசலாம், ஆனால் பிளக்கை ஆப்பிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்தால் கீ மாறிவிடும், மறுபடி எடுக்க வேண்டும். ஏசி ஓடும்போது ஃபேன் இரண்டாம் வேகத்துக்கு இறங்கிய அன்று ராத்திரி நான் தூங்கவே இல்லை, சந்தோஷத்தில் சும்மா ஏசியைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தேன். மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

மோட்டாரில் கை வைத்தது

அங்கேயே நின்றிருக்கலாம். மோட்டாரையும் சேர்த்தேன்.

எங்கள் வீட்டு ஏற்பாடு எல்லா வீட்டையும் போலத்தான்: சம்ப்பில் 1 எச்பி மோட்டார், கீழே ஸ்டார்ட்டர், காலை ஐந்தரைக்கு அப்பா சுவிட்சைப் போடுவார், டேங்க் நிரம்பி வழியும் குழாயில் சத்தம் கேட்டதும் அணைப்பார். நான் செய்தது, ஐந்தரைக்கு ஹப் மோட்டாரைக் கிளப்பும், டேங்க் நிரம்பியதும் சென்சார் சொல்லும், ஹப் நிறுத்தும். 1 எச்பி மோட்டார் ஓடும்போது ஆறேழு ஆம்பியர்தான் இழுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், அதனால் ஸ்மார்ட் ரிலேவை (ஹப் சொன்னால் போட்டு அணைக்கும் சின்ன சுவிட்ச்) நேராக மோட்டாருக்கு மாட்டக்கூடாது. ரிலே, கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சை இழுக்கும், கான்டாக்டர் மோட்டாரை இழுக்கும். இதை எலக்ட்ரீஷியன் அண்ணனை வைத்துத்தான் செய்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். சம்ப் வறண்டால் மோட்டார் கிளம்பாமல் தடுக்கும் மிதவை மட்டும் பழையபடி வயரிலேயே இருக்கட்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அப்போது எனக்கு அது பழைய காலத்துப் பேச்சாகப் பட்டது.

டேங்க் சென்சார் நானே செய்தது, அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. கதவு சென்சார் என்பது உள்ளே ஒரு சின்னக் கண்ணாடிக் குழல் சுவிட்ச்தான், காந்தம் பக்கத்தில் வந்தால் சேரும், விலகினால் பிரியும். அந்தக் குழலின் இரண்டு காலிலும் இரண்டு மெல்லிய வயரைப் பற்றவைத்து, மறுமுனையைக் கடையில் கிடைக்கும் ப்ளோட் சுவிட்சில் கட்டினேன். தண்ணீர் ஏறி மிதவை தூக்கினால் "கதவு மூடியது" என்று செய்தி போகும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் சென்சார், டப்பா டேங்க் மூடிக்குப் பக்கத்தில், வயர் மட்டும் உள்ளே.

ஹாலில் இருக்கும் ஹப்புக்கும் மாடியில் இருக்கும் இந்த டப்பாவுக்கும் நடுவே இரண்டு காங்கிரீட் தளம். நேராக எட்டாது. நடுவில் மாடிப்படி உச்சியில், ஹெட்ரூமில், நான் ஒரு ஜிக்பீ பல்பும் ஆள் நடமாட்ட சென்சாரும் மாட்டியிருந்தேன், இருட்டிய பிறகு யாராவது ஏறினால் லைட் தானாக எரியும். அந்தப் பல்பு வழியாக டேங்க் சென்சார் ஒட்டிக்கொண்டது. புரட்டாசி முழுக்க ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டு மாமா வந்து பார்த்துவிட்டு எனக்கும் ஒன்று செய்துகொடு என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐப்பசி

மழை தொடங்கிய முதல் வாரம் முதல் தடவை வழிந்தது. மாடிக்கு ஓடிப் பார்த்தால் மிதவை ஒழுங்காகத் தூக்கியிருக்கிறது, ஹப் மட்டும் "கதவு திறந்திருக்கிறது" என்கிறது. முந்தின நாள் நல்ல மழை. டப்பாவுக்குள் ஈரம் போயிருக்கும் என்று முடிவு கட்டினேன். சென்சாரைக் கழற்றித் துடைத்து, பேட்டரி மாற்றி, வயர் நுழையும் ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்து, மூடியைச் சுற்றி சிலிக்கான் தடவி வைத்தேன். மறுபடி சேர்த்ததும் வேலை செய்தது. பேட்டரியைக் கழற்றிப் போட்டதும் மறுபடி சேர்த்ததும்தான் அதைச் சரிசெய்தது, சிலிக்கான் இல்லை, ஆனால் அது அப்போது தெரியாது.

நாலு நாள் கழித்து மறுபடி. அன்றும் முந்தின நாள் மழை. டப்பாவைத் திறந்தேன், உள்ளே எலும்பு மாதிரி காய்ந்திருந்தது.

சரி, ஈரம் இல்லை என்றால் சிக்னல். இதில் நான் செய்தது எல்லாமே சரியான வேலை, ஆனால் தப்பான நோய்க்கு. ராஸ்பெர்ரி பை 4-இல் நீல நிற போர்ட் இரண்டும் யூஎஸ்பி 3. அதில் எஸ்எஸ்டி ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளம்பும் என்பதை இன்டெல்லே 2012-இல் எழுதி வைத்திருக்கிறது. நான் டாங்கிளை எஸ்எஸ்டிக்குப் பக்கத்து போர்ட்டிலேயே சொருகியிருந்தேன். கறுப்பு போர்ட்டுக்கு மாற்றி, ஒன்றரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு, டாங்கிளைப் பெட்டியை விட்டுத் தள்ளி வைத்தேன். அப்புறம் சேனல். ஜிக்பீ2எம்கியூடிடி தானாக எடுத்துக்கொள்வது 11-ஆம் சேனல், அது வைஃபையின் 1-ஆம் சேனல் மேலேயே உட்காருகிறது, என் வைஃபை ரௌட்டர் ஓடியது 1-இல். ஜிக்பீயை 25-க்கு மாற்றினேன். பல்புகள் தாமாக வந்துவிட்டன, சென்சார்களில் பாதியைக் கையால் மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது. சிக்னல் எண்கள் எல்லா அறையிலும் ஏறின. கீழ்வீட்டுக் கதவு சென்சார் முன்பு அவ்வப்போது தாமதமாகச் சொல்லும், அது நின்றது. எனக்கு நிம்மதி. எல்லோரிடமும் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னேன்.

மூன்றாம் தடவை வழிந்தது. முந்தின நாள் மழை.

இந்த முறை சாமானைத் தொடவே கூடாது, பார்ப்பது மட்டும்தான் என்று வைத்துக்கொண்டேன். முதலில் கண்ணில் பட்டது: ஜிக்பீ2எம்கியூடிடி திரையில் டேங்க் சென்சார் "ஆன்லைன்" என்றே இருந்தது, செத்துக் கிடந்தபோதும். காரணம் சாதாரணமானது. பேட்டரிச் சாமான்கள் தூங்கும் சாதி என்பதால் 25 மணி நேரம் பேச்சு இல்லாவிட்டால்தான் அது "ஆஃப்லைன்" என்று சொல்லும். பல்பு மாதிரி கரண்டில் ஓடுவதற்கு அந்தக் கெடு 10 நிமிடம்தான். ஆக நான் பச்சை எழுத்தைப் பார்த்து ஏமாந்துகொண்டிருந்தேன். "கடைசியாகப் பேசிய நேரம்" என்று ஒரு அமைப்பு உண்டு, அது முதலில் அணைந்திருக்கும், அதை இயக்கிவிட்டுக் காத்திருந்தேன். மோட்டாரை மட்டும் அந்த நாட்களில் அப்பாவும் நானும் காதால் கேட்டு நிறுத்தினோம், ஒருநாள் இரண்டு பேரும் தூங்கிப்போய் அதுவே நாலாவது வழிசல் ஆனது.

அந்த நாலாவதுதான் பிடித்துக்கொடுத்தது. டேங்க் சென்சார் கடைசியாகப் பேசியது முந்தின நாள் மாலை 6:41. மணிக்கு ஒருமுறையாவது பேசும் சாமான் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. 6:41-க்குப் பிறகு வீட்டில் என்ன நடந்தது என்று ஹோம் அசிஸ்டன்டின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து எல்லாச் சாமானையும் ஒன்றன் கீழ் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். 6:50-க்கு ஹெட்ரூம் ஆள் நடமாட்ட சென்சார்: ஆள் வந்தார். அதே நொடி ஹெட்ரூம் பல்பு: எரிந்தது. சரியாகப் பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளி ஹெட்ரூம் பல்பு: ஆஃப்லைன். மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அந்த வரியில் வெளிறிய பட்டை.

ஹோம் அசிஸ்டன்ட் பத்து நாள் வரலாறுதான் தானாக வைத்திருக்கும். அந்தப் பத்து நாளுக்குள் இரண்டு வழிசல் இருந்தது. இரண்டிலும் இதே வரிசை.

அப்பாவிடம் போய்க் கேட்டேன். "நேத்து சாயங்காலம் மாடிக்குப் போனீங்களா?"

"ஆமா, மழை தூறுச்சு, துணி எடுக்கப் போனேன்."

"வரும்போது லைட்டை அணைச்சீங்களா?"

அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "அணைக்காம? எரியவிட்டுட்டா வருவாங்க?"

எல்லாம் அங்கே முடிந்தது. இருட்டிய பிறகு மாடிக்குப் போகும் வேலை அவருக்கு மழை வரும்போது மட்டும்தான். ஏறும்போது லைட் தானாக எரிகிறது, இறங்கும்போது சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டிவிட்டு வருகிறார். பல்புக்குக் கரண்டே இல்லை. பல்பு போனதும் அதை நம்பியிருந்த டேங்க் சென்சாரின் தபால்காரர் போனார். நல்ல சென்சார் என்றால் கொஞ்சம் முயன்று பார்த்துவிட்டு வேறு ஆளைத் தேடும். மாடியில் தேட வேறு ஆள் இல்லை, தவிர இந்தச் சென்சார் ஒருமுறை பிடித்தவரை விடாத ரகம், பல்பு திரும்பி வந்த பிறகும் சில சமயம் அப்படியே மௌனமாக இருந்தது. மழை நாளில் வழிந்ததற்கும் ஈரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மழைக்கும் துணிக்கும்தான் சம்பந்தம். சேனல் மாற்றியபோது மாடியில் நின்று நானே சென்சாரை மறுபடி சேர்த்தேனே, அப்போதும் அது அதே ஹெட்ரூம் பல்பைத்தான் பிடித்திருக்கிறது.

மாற்றியது

முதலில் தோன்றியது சுவிட்ச் மேல் டேப் ஒட்டி "அணைக்காதீர்கள்" என்று எழுதுவது. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வீட்டில் நாற்பது வருடமாகச் சுவிட்சைத் தட்டியவர் செய்தது தப்பே இல்லை, லைட் அணைய வேண்டும், அணைந்தது. சுவிட்சுக்குப் பின்னால் ரிலே வைக்கலாம் என்று பார்த்தால், மாடிப்படிக்கு மேலே ஒன்று கீழே ஒன்று என்று டூ-வே சுவிட்ச், இரண்டு போர்டிலும் நியூட்ரல் வரவில்லை. (நம் ஊர் வீடுகளில் பிளக் பாயின்ட் உள்ள போர்டில் நியூட்ரல் இருந்தே தீரும், வெறும் லைட் சுவிட்ச் மட்டும் உள்ள போர்டில் பெரும்பாலும் இருக்காது, ரிலே வாங்கும் முன் திறந்து பாருங்கள்.) ஆகவே மாடிப்படி லைட்டை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஸ்மார்ட் பல்பைக் கழற்றிச் சாதா 9 வாட் எல்ஈடி மாட்டினேன். ஹெட்ரூமில் முன்பு டிரில் மெஷினுக்காகப் போட்ட பிளக் பாயின்ட் ஒன்று சும்மா இருந்தது, எலக்ட்ரீஷியன் அண்ணன் அதன் சுவிட்சை விலக்கி நேரடியாக்கிக் கொடுத்தார், அதில் ஒரு ஜிக்பீ பிளக். எந்தச் சாமானையும் அது இயக்கவில்லை, தபால்காரர் வேலை மட்டும்தான். டேங்க் சென்சாரைச் சேர்க்கும்போது இந்தப் பிளக் வழியாக மட்டும் அனுமதி என்று வைத்துச் சேர்த்தேன்.

மோட்டாருக்கு மூன்று காவல் போட்டேன். டேங்க் காலியிலிருந்து நிரம்ப எங்கள் வீட்டில் 25 நிமிடம், ஆகவே 30 நிமிடத்தில் ரிலே தானே அணையும், அந்தக் கணக்கு ரிலேவுக்குள்ளேயே இருக்கிறது, ஹப் செத்தாலும் நடக்கும். சென்சார் கடைசியாகப் பேசி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஹப் மோட்டாரைக் கிளப்பவே கிளப்பாது, என் போனுக்குச் சொல்லும். கரண்ட் போய் வந்தால் ரிலே அணைந்த நிலையில்தான் எழும்ப வேண்டும். பழைய நிலைக்கே திரும்பு என்று வைத்திருந்தால் ராத்திரி மின்வெட்டு முடிந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும். சம்ப் மிதவையை வயரிலேயே விடச் சொன்ன எலக்ட்ரீஷியன் அண்ணனின் பேச்சு பழைய காலத்துப் பேச்சு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

கரண்ட் என்றதும் இன்னொன்று. ஹப், வைஃபை ரௌட்டர், ஃபைபர் டப்பா மூன்றையும் இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றிவிடுங்கள். கலர் பல்புகளில் "கரண்ட் வந்ததும் என்ன செய்ய" என்ற அமைப்பைத் தேடி "முன்பு இருந்தபடி" என்று வையுங்கள். நான் வைக்கவில்லை. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்து வீட்டில் இருந்த அத்தனை பல்பும் கல்யாண மண்டபம் மாதிரி எரிந்தது, மனைவி இரண்டாம் தடவையாகத் தலையணையோடு கீழே போனாள்.

கார்த்திகை, மார்கழி முழுக்க டேங்க் வழியவில்லை. போனில் ஆறு ஆப் இருந்த இடத்தில் இப்போது இரண்டு: ஹோம் அசிஸ்டன்ட், அப்புறம் ஃபேன் ஆப், அது ஃபேனுக்கு அப்டேட் வந்தால் போட மட்டும். ஏசி இன்னும் அரைகுறைதான், இன்ஃப்ராரெட் ஒருவழிப் பேச்சு என்பதால் யாராவது கையில் ரிமோட்டை எடுத்து அணைத்தால் ஹப்புக்குத் தெரிவதில்லை, ஏசி ஓடுவதாகவே நினைத்து ஃபேனை இரண்டிலேயே வைத்திருக்கிறது. ஏசிக்கு மின்சாரம் அளக்கும் ஒரு மீட்டர் வைத்தால் தீரும். காலை ஐந்தரைக்கு மோட்டார் தானாகக் கிளம்புகிறது, தானாக நிற்கிறது, அப்பாவும் ஐந்தரைக்கே எழுந்து காபியோடு பின்வாசலில் உட்கார்ந்து அது நிற்கும் வரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.